பவுனம்மா மகள் கேட்ட வீடு

பழைய வீடு ஒன்றைப் பார்க்கப் போகிறீர்கள். பின்பக்கம் ஓர் இரும்புச் சுழல்படி தரையிலிருந்து மொட்டை மாடி வரை முறுக்கிக்கொண்டு ஏறுகிறது. அது யார் ஏறுவதற்காகக் கட்டியது என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கிறீர்களா?

கேட்டிருக்க மாட்டீர்கள். அதன் முன்னால் நின்று படம் எடுத்திருப்பீர்கள். கொல்கத்தாவில் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். பவானிபூரில் விற்பனைக்கு வந்த ஒரு வீட்டின் விளம்பரமும் அந்தப் படத்தைத்தான் முகப்பில் போட்டிருந்தது. "நூறாண்டு பழமையான அழகிய வரிசை வீடு. சிவப்பு சிமெண்ட் தரை, பச்சை மரச் சன்னல்கள். ஜதுபாபு பஜார் மூன்று நிமிட நடை, மெட்ரோ ஐந்து நிமிட நடை. சிறப்பு அம்சம்: பிரிட்டிஷ் காலத்து இரும்புச் சுழல்படி."

சென்ற ஜனவரியில் இந்த விளம்பரத்தைத் தன் கைபேசியில் பார்த்தார் ஜெயப்ரியா. வயது அறுபது. மத்திய அரசு மருத்துவமனை ஒன்றில் முப்பத்தாறு ஆண்டுகள் நர்ஸாக வேலை பார்த்து, வார்டு பொறுப்பாளராக நவம்பரில் ஓய்வு பெற்றவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம் "ட்யூட்டி இருந்தது" என்பார். மருத்துவமனைக் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய மார்ச் முப்பத்தொன்று வரை அவகாசம். அதற்குள் ஒரு வீடு வேண்டும். ஓய்வுக்காலப் பணம் கைக்கு வந்துவிட்டது. உடன் வேலை பார்த்தவர்கள் நியூ டவுன் அடுக்குமாடிகளைக் காட்டினார்கள். லிப்ட் உண்டு, நீச்சல் குளம் உண்டு, ஆனால் ஒரு கொத்தமல்லிக்கட்டு வாங்க வேண்டுமென்றால் வண்டிக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். "நின்னே தேஞ்ச முட்டி இது. நடந்தாத்தான் ஓடும்" என்று மறுத்துவிட்டார். நடந்துபோய்க் காய்கறி வாங்கி, நடந்துபோய் நூலகத்தில் உட்கார்ந்து, நடந்தே திரும்பி வரக்கூடிய இடம் வேண்டும் என்பது அவருடைய ஒரே நிபந்தனை.

விளம்பரப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவர், கீழிருந்து ஒன்பதாவது படியில் விரலை வைத்தார். மற்ற படிகளில் பூவேலை வார்ப்பு இருந்தது. ஒன்பதாவது மட்டும் வெறும் தகடு. வீடு அடையாளம் தெரிந்துவிட்டது.

அந்த ஒன்பதாவது படி அவருடைய ஆறாவது வயதில் ஆடிக்கொண்டிருந்தது. அவருடைய அம்மா பவுனம்மா அந்த வீட்டில் மலம் அள்ளினார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நாம் மறக்கக் கற்றுக்கொண்டுவிட்டோம். அந்தக் காலத்து வீடுகளில் ஒவ்வொரு மாடியிலும் பின்பக்கம் எடுப்புக் கக்கூஸ் இருந்தது. வீட்டுக்காரர் உள்பக்கக் கதவு வழியாக வருவார். அள்ளுபவர் வெளியே சுழல்படியில் ஏறி, கக்கூஸின் கீழ்ப்பாகத்தில் உள்ள தகரக் கதவைத் திறந்து வாளியை எடுப்பார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. வங்காளிகள் அதை "மேத்தர் ஷிரி" என்றே சொல்வார்கள், துப்புரவாளர் படி என்று. அது விபத்தாக அமைந்ததல்ல. கல்லூரியில் பொறியியல் படித்த ஒருவர் மேசை முன் உட்கார்ந்து, அளவுகோல் வைத்து, தீண்டாமைக்குக் கோடு போட்டிருக்கிறார். அந்தக் கோடுதான் இன்று சிறப்பு அம்சம்.

ஜெயப்ரியாவின் அப்பா செய்யாறு பக்கத்திலிருந்து வந்து ராணுவக் கோட்டையில் துப்புரவு வேலை பார்த்தவர். பவானிபூரில் குடியேறியிருந்த தமிழ் வீடுகளுக்குப் பாஷை தெரிந்த ஆள் தேவைப்பட்டது. கக்கூஸ் அள்ளவும் தாய்மொழி! அப்படித்தான் பவுனம்மாவுக்கு அந்த வரிசையின் ஆறு வீடுகளும் கிடைத்தன. மகளைப் பின்சந்தில் நிறுத்திவிட்டு ஏறுவார்.

"கீழயே நில்லு. ஒம்போதாம் படி ஆடுது. மேல பாக்காத" என்பார்.

மேலே பார்க்காதே என்றதற்குக் காரணம் இருந்தது. பவுனம்மா இறங்கியதும் படியைக் கழுவ மேலிருந்து தண்ணீர் ஊற்றுவார்கள். அவர் இறங்கி முடிக்கும்வரை காத்திருக்கச் சில நாள் பொறுமை இருக்காது. வாளியும் கையுமாகப் பவுனம்மா பாதிப் படியில் இருக்கும்போதே தண்ணீர் வந்துவிடும். யார் ஊற்றினார்கள் என்று ஜெயப்ரியாவுக்குத் தெரியாது. கீழிருந்து பார்த்தால் கை மட்டும்தான் தெரியும்.

இப்போது ஒரு கேள்வி வரும். இத்தனைக்குப் பிறகும் அந்த வீட்டையா வாங்க நினைத்தார்? ஆமாம், அந்த வீட்டைத்தான். நினைவுச்சின்னம் எழுப்ப அல்ல. வீடு நன்றாக இருந்தது, பஜார் பக்கத்தில் இருந்தது, விலை கட்டுப்படியானது. வீடு வாங்க வேறு யாருக்கும் இதைவிடப் பெரிய காரணம் வேண்டியிருக்கிறதா? பவுனம்மாவும் இதே பேட்டையில்தான் நடந்தார். ஆனால் முன்தெருவில் அல்ல. அங்கே வேலை பார்த்த பத்தொன்பது வருடமும் பின்சந்து வழியாகவே வந்து போனார். நடக்க வசதியான பேட்டை என்று விளம்பரம் சொல்வது யாருடைய கால்களுக்கு என்று அந்தச் சந்துக்குத் தெரியும்.

தரகர் நரேன், பேட்டைக்கே "நரேன்தா", அதாவது நரேன் அண்ணன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவரை அழைத்துப் போனார். நரேன்தா வங்காளி. வழியெல்லாம் வங்காளத்தில் பேசிக்கொண்டே வந்தார்.

"தீதி, கிழவர் கொஞ்சம் பிடிவாதம். பில்டர் ஒருத்தன் இடிச்சுக் கட்டறேன்னு வந்தான். காபி கூடக் குடுக்காம அனுப்பிட்டார். எனக்கு நாலு மாசமா காபி குடுக்கறார், வீட்டை மட்டும் குடுக்க மாட்டேங்கறார்."

வீட்டுக்காரர் சிவராமகிருஷ்ணனுக்கு வயது எழுபத்தெட்டு. தனியார் கம்பெனி ஒன்றில் பெரிய அதிகாரியாக இருந்தவர். வீடு அவருடைய அப்பா வாங்கியது. மனைவி இறந்துவிட்டார். மகன் ரோஹித் நியூ டவுனில் கணினி வேலை. அப்பாவைத் தன்னுடன் அழைத்துக்கொள்ள வேண்டும் என்று வீட்டை விற்கச் சொன்னவன் அவன்தான்.

கதவைத் திறந்தவரிடம் ஜெயப்ரியா பேசினார். "நமஸ்காரம் மாமா. ஆம் பார்க்க வந்திருக்கேன். நரேன்தா சொல்லியிருப்பாரே."

கிழவரின் முகம் மலர்ந்தது. "தமிழா! வாங்கோ, வாங்கோ. இந்த நரேன் சொல்லவே இல்லையே! எத்தனை நாளாச்சு, நம்ம பாஷையில ஒருத்தர் வீட்டை ஆம்னு சொல்லிக் கேட்டு! என் புள்ளையே வங்காளி மாதிரி 'பாடி' ங்கறான்."

இங்கேதான் தவறு நடந்தது. கொல்கத்தாத் தமிழர் மட்டுமே செய்யக்கூடிய தவறு. ஜெயப்ரியா படித்த பள்ளியில் தமிழ் பேசிய பிள்ளைகள் எல்லாரும் பிராமண வீட்டுப் பிள்ளைகள். இந்த ஊரில் தெருவில் தமிழ் கிடையாது, பேருந்தில் கிடையாது. வீட்டுக்கு வெளியே தமிழ் என்றால் இப்படித்தான் பேச வேண்டும் போலிருக்கிறது என்று அந்தச் சிறுமி நினைத்துக்கொண்டாள். அது ஒரு சாதியின் பேச்சு என்பதே இருபத்து நான்காம் வயதில் செய்யாறுக்குப் போனபோதுதான் தெரிந்தது. "இன்னாக்கா, ஐயரூட்டம்மா மாரி பேசற?" என்று மாமா மகள் விழுந்து விழுந்து சிரித்தாளாம். அதற்குள் நாக்கு பழகிவிட்டது.

ஆக, அவர் பொய் சொல்லவில்லை. கிழவர் கேட்கவும் இல்லை. காதில் விழுந்த ஓசையை வைத்துச் சாதியை முடிவு செய்துகொண்டார். அறிவியல் பட்டம் பெற்ற மனிதர்.

காபி வந்தது. வெள்ளி டம்ளரில். நரேன்தாவுக்குப் பீங்கான் கோப்பையில். அறை அறையாகக் காட்டிய கிழவர் கடைசியில் பின்பக்கக் கதவைத் திறந்தார்.

"இதைப் பாருங்கோ. என்ன வேலைப்பாடு! இப்ப யாரால இப்படி வார்க்க முடியும்? விளம்பரத்துக்கு என் புள்ள இதைத்தான் படம் எடுத்தான்."

"இது எதுக்கு மாமா வச்சா?"

"அது... காத்துக்கு. அப்புறம் வேலைக்காரா வந்து போக."

"ஒன்பதாவது படி மட்டும் வேற மாதிரி இருக்கே?"

"அட, கண்ணு கூர்மை உங்களுக்கு! ஒடைஞ்சு போச்சு, எங்கப்பா மாத்தினார். எப்பன்னு ஞாபகமில்லை."

ஜெயப்ரியாவுக்கு ஞாபகம் இருந்தது. அவர் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பின்னால் ஒரு தோழி கேட்டபோது அவர் தந்த பதில் இது: "வீடு வாங்கப் போனேன். வீடு பார்த்தேன். விலை கேட்டேன். பேஷன்ட்டுக்கு ஊசி போடறப்ப நான் யார்கிட்டயும் எதுவும் கேட்டதில்லை. அதே மரியாதையை நானும் எதிர்பார்த்தேன்." பிறகு கொஞ்சம் யோசித்து, "அந்த ஒரு மணி நேரம் நன்னாவும் இருந்தது" என்றாராம். அதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

விலையில் பேரம் இல்லை. பிப்ரவரி பதினாறாம் தேதி ஒப்பந்தம் எழுதலாம் என்று பேச்சு முடிந்தது. "வீடு நம்மவா கைக்கே போறது. இடிக்க மாட்டா. நிம்மதி" என்று கிழவர் நரேன்தாவிடம் சொன்னார். ஜெயப்ரியா குவார்ட்டர்ஸில் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தார்.

ஒப்பந்தத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது கிழவர் போன் செய்தார். குரலில் அன்பு வழிந்தது.

"கிரகப்பிரவேசத்துக்கு இப்பவே நாள் பார்த்துடலாம்னு நினைச்சேன். வாத்தியார்ட்ட சொல்லியிருக்கேன். உங்க கோத்திரமும் நட்சத்திரமும் மட்டும் சொல்லுங்கோ."

"நட்சத்திரம் தெரியாது மாமா. கோத்திரம் எங்களுக்குக் கிடையாது."

"கிடையாதுன்னா? பிள்ளைமாரா, முதலியாரா? அதனால என்ன, அவாளும் சைவமாச்சே."

ஓர் ஏணியில் இரண்டு படி இறங்கி நின்றார் பெரியவர். தாராள மனசு! அதற்கும் கீழே படிகள் இருப்பது அவர் நினைவில் இல்லை.

"இல்லை மாமா. எங்கம்மா பேர் பவுனம்மா. உங்காத்துப் பின்படியில ஏறி இறங்கினவ. ஒன்பதாவது படி ஒடைஞ்சது எழுபத்திரண்டுல. அன்னிக்குக் கீழ விழுந்தது எங்கம்மா. கால்ல பதினோரு தையல்."



"பவுனம்மாவோட பொண்ணா நீ?"

"ஆமாம்."

"நன்னா இருக்கியா? நர்ஸா இருக்கேன்னு சொன்னே இல்லையா... பேஷ், பேஷ். படிச்சு முன்னுக்கு வந்துட்டே. சரி, நான் ரோஹித்தைக் கலந்துண்டு சொல்றேன்."

'வாங்கோ' ஒரே நிமிடத்தில் 'நீ' ஆனதைக் கவனித்தீர்களா? அவர் திட்டவில்லை, கத்தவில்லை. விசாரித்தார், பாராட்டினார். நம் ஊர்க் கொடுமைகள் பெரும்பாலும் இப்படிப்பட்ட இனிய குரலில்தான் நடக்கின்றன. அதனால்தான் அவற்றுக்கு எதிராகப் புகார் எழுதுவது கடினம்.

மறுநாள் நரேன்தா வந்தார். உட்காராமல் நின்றுகொண்டே பேசினார். "தீதி, ஒரு சின்னச் சிக்கல். அது வரிசை வீடு இல்லையா, சுவர் பொது. பக்கத்து வீட்டுக்காரங்க ஒத்துக்கணுமாம். அவங்களுக்கு விருப்பம் இல்லையாம்."

"எதுக்கு விருப்பம் இல்லையாம்?"

நரேன்தா மேசைமேல் இருந்த பெட்டியைப் பார்த்தார். "அதை அவர் சொல்லலை. நானும் கேக்கலை. எனக்கும் அந்தப் பேட்டையிலதானே பிழைப்பு."

முப்பத்தாறு வருடம் நோயாளியின் சட்டையைக் கழற்றிப் பார்த்துவிட்டே காயம் எங்கே என்று எழுதிய பெண்மணி அவர். யாரோ சொன்னதை எழுதிக்கொள்கிற வழக்கம் இல்லை. அன்று மாலையே பவானிபூருக்குப் போனார். கிழவரின் வீடு வரிசையின் கடைசி வீடு. ஆகவே பக்கத்துச் சுவர் ஒன்றுதான். அந்த வீட்டில் இருந்தவர் பிரியம்வதா, ஓய்வு பெற்ற கல்லூரி ஆசிரியை, வங்காளி. விஷயத்தைக் கேட்டதும் கையைத் தலையில் வைத்துக்கொண்டார்.

"ஓ மா! என்கிட்ட யார் கேட்டாங்க? மூணு வருஷமா அவர் வீட்டுக் குழாய் ஒழுகி என் புத்தக அலமாரி பூஞ்சை பிடிச்சுக் கிடக்கு. அதுக்கே என்னைக் கேக்காதவர், வீட்டை விக்க என்னைக் கேப்பாரா? வா, உள்ள வா, டீ குடி."

ஜெயப்ரியா உள்ளே போனார். நடந்தது முழுவதையும் சொன்னார். பிரியம்வதா கொதித்தார். ஆனால் கொதிப்பு ஆறியதும் இப்படிச் சொன்னார்: "உங்க தெற்கத்தி ஆளுங்ககிட்டதான் இதெல்லாம் ரொம்ப அதிகம். எங்க வங்காளிங்ககிட்ட சாதியே கிடையாது, தெரியுமா?"

ஜெயப்ரியா ஜன்னலைக் காட்டினார். "உங்க கொல்லையிலயும் அதே படி இருக்கே தீதி."

பிரியம்வதா திரும்பிப் பார்த்தார். அந்தப் படியில் வரிசையாகத் துளசி, கற்றாழைத் தொட்டிகள் வைத்திருந்தார்.  பிறகு ஒரு காகிதத்தை எடுத்து, ஜெயப்ரியா பக்கத்து வீட்டை வாங்குவதில் தனக்கு எந்த மறுப்பும் இல்லை, தன்னை யாரும் கேட்கவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பாராட்ட வேண்டிய காரியம். உண்மையைக் காட்டியதும் ஒப்புக்கொள்கிறவர்கள் நாட்டில் குறைவு.

அந்தக் காகிதத்தின் படத்தை ஜெயப்ரியா ரோஹித்துக்கு அனுப்பினார். இரண்டு நாள் கழித்து அவன் மருத்துவமனைக் காண்டீனுக்கு வந்தான். நாற்பது வயது. சட்டைப்பையில் அடையாள அட்டை, முகத்தில் சங்கடம்.

"ஆன்ட்டி, ஐயாம் சாரி. நான் இதெல்லாம் நம்பறதே இல்லை. என் ஆபீஸ்ல பாதிப் பேர்..."

"நீ நம்பலைன்னு அப்பாகிட்ட சொன்னியா?"

"அவர் ஹார்ட் பேஷன்ட் ஆன்ட்டி."

"தெரியும். அவர் மாத்திரை டப்பாவைப் பார்த்தேன். அந்த மாத்திரைக்கு உண்மை ஒத்துக்காதுன்னு எதுவும் இல்லை."

ரோஹித் சிரிக்கலாமா என்று தெரியாமல் தேநீரைக் கலக்கினான். பிறகு தன் யோசனையைச் சொன்னான். நரேன்தா பெயரில் முதலில் எழுதிக்கொள்வது. அப்பா நியூ டவுனுக்கு வந்துவிடுவார். ஆறு மாதம் கழித்து நரேன்தா ஜெயப்ரியா பெயருக்கு மாற்றிக் கொடுப்பார். அதிகச் செலவைத் தானே ஏற்றுக்கொள்வதாகவும் சொன்னான். "வீடு உங்களுக்குத்தான். அப்பாவுக்குத் தெரியவே வேண்டாம். எல்லாருக்கும் ஸ்மூத்."

குவார்ட்டர்ஸைக் காலி செய்ய அப்போது நாற்பத்து நான்கு நாள் இருந்தது. கையில் வேறு வீடு இல்லை. தலையை ஆட்டியிருந்தால் பஜார் மூன்று நிமிட நடை.

ஜெயப்ரியா ஆட்டவில்லை.

"உங்காத்து மனுஷா கண்ணுல படாம வரதுக்குன்னு எங்கம்மாவுக்கு ஒரு வழி வச்சிருந்தேள். இப்ப எனக்கும் ஒண்ணு வச்சுத் தரே. வேண்டாம் ரோஹித். பத்திரத்துல என் பேர் இருக்கணும். சாவியை உங்கப்பா கையால வாசல்ல நின்னு வாங்கணும். அது முடியும்னா சொல்லு."

"கொஞ்சம் பிராக்டிகலா யோசிங்க ஆன்ட்டி."

"வார்டுல முப்பத்தாறு வருஷம் பிராக்டிகலாத்தான் இருந்தேன். டீக்கு நான் குடுத்துடறேன், நீ கிளம்பு."

ரோஹித் கெட்டவன் அல்ல. அதுதான் பிரச்சினை. சாதியை நம்புகிறவனோடு வாதாடலாம், ஆதாரம் கேட்கலாம், அவன் தோற்கவும் கூடும். சாதியை நம்பவில்லை, ஆனால் அப்பாவைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்கிறவனிடம் எதை வைத்து வாதாடுவது? கிழவரின் சாதியை இன்று தாங்கி நிற்பது அவருடைய நம்பிக்கை அல்ல. அதை நம்பாத மகனின் மரியாதை.

போகும்போது ஜெயப்ரியா ஒன்று மட்டும் கேட்டார். விளம்பரத்தில் 'பிரிட்டிஷ் காலத்து இரும்புச் சுழல்படி' என்ற வரிக்குப் பக்கத்தில், 'மலம் அள்ளியவர்கள் ஏறுவதற்காகக் கட்டியது' என்று சேர்க்கச் சொன்னார். வீட்டைப் பற்றிய உண்மையைச் சொல்வது விற்பவரின் கடமைதானே? ரோஹித் பார்ப்பதாகச் சொன்னான். இன்று காலை வரை சேர்க்கவில்லை. வீடும் விற்கவில்லை. திருப்பி அனுப்பப்பட்ட அதே பில்டர் மறுபடி வந்து போகிறாராம். இப்போது அவருக்குக் காபி கிடைக்கிறது என்கிறார் நரேன்தா. இடித்தால் இடியட்டும், அவள் கைக்குப் போக வேண்டாம் என்ற இடத்துக்கு ஒரு முதியவர் வந்து சேர்ந்துவிட்டார். நூறாண்டுப் பாரம்பரியத்தின் மேல் அவருக்கு இருந்த பாசம் அவ்வளவுதான்.

மார்ச் முப்பதாம் தேதி ஜெயப்ரியா குவார்ட்டர்ஸ் சாவியை ஒப்படைத்தார், ஒருநாள் முன்னதாகவே. இப்போது பாலிகஞ்ச் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மூன்றாம் மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறார். லிப்ட் கிடையாது. முட்டி வலியோடு நாளுக்கு இரண்டு தடவை நாற்பத்திரண்டு படி ஏறுகிறார். புத்தகப் பெட்டிகள் பிரிக்கப்படாமல் கிடக்கின்றன. இடமில்லை.

இதைப் படித்துவிட்டு வருத்தப்பட வேண்டாம். வருத்தத்தில் யாரும் குடியிருக்க முடியாது. அவருக்கு ஒரு வீடு வேண்டும். இரண்டு அறை போதும், கீழ்த்தளமாக இருந்தால் நல்லது, பவானிபூரிலோ அதையொட்டியோ, பஜாருக்கு நடந்து போகும் தூரத்தில். கொல்கத்தாவில் நூறாண்டாகத் தமிழர்கள் வீடு வாங்கியும் விற்றும் வருகிறார்கள். உங்களிடம் ஒன்று இருக்கலாம், உங்கள் மாமாவிடமோ அலுவலக நண்பரிடமோ இருக்கலாம். இன்றே விசாரியுங்கள். அவரிடம் நீங்கள் எப்போது குடிவருவீர்கள் என்று கேளுங்கள், பணம் எப்படித் தருவீர்கள் என்று கேளுங்கள். வேறெதுவும் கேட்காதீர்கள். பேசி முடிந்ததும் சாவியை எடுத்துக்கொண்டு முன்வாசலுக்கு வந்து, உங்கள் கையால் அவர் கையில் கொடுங்கள்.